பாத்ரூம் கதவில் அந்தமான் போனவர்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பெண்ணைப் பார்ப்பதில்லை, ஆசாரியைத்தான் பார்ப்பார்கள். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, நாள் குறித்த பிறகும் ஒரு பெரிய மனிதர் தனியாக ஊருக்குள் வருவார். ஏதோ ஸ்டூல் செய்யக் கேட்கிற மாதிரி என் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த வீட்டு மனுஷங்க எப்படி?" என்று மெல்ல இழுப்பார். மளிகைக் கடையில் கேட்டால் வியாபாரத்துக்காக நல்லதே சொல்வார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் வயிற்றெரிச்சலில் கெட்டதே சொல்வார்கள். ஆசாரி ஒருத்தன்தான் எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிறவன். எந்த வீட்டுக் கட்டில் என்ன சண்டையில் உடைந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தவர் பெயர் கலியபெருமாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, மடியில் ஒரு செல்போன், பேச்சில் சிக்கனம். வந்த விஷயத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

"ஏரிக்கரைத் தெருவுல அந்த நீலக் கலர் வீடு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் வில்வநாதன். நாளைக்கு அவர் பொண்ணை என் பையனுக்குப் பாக்க வர்றோம். மனுஷன் எப்படி?"

நான் உளியைக் கீழே வைத்தேன். கட்டில் காலுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பாலிஷ்காரர் பாஷா குனிந்த தலை நிமிராமல் சிரித்தார்.

என்னத்தைச் சொல்வது? பெண் வெண்ணிலா தங்கமான பெண். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தினால் குத்தினது தெரியாது. அப்பாவும் கெட்டவர் இல்லை. ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். ஆனால் அந்த எறும்பை யானை என்று சொல்லாமல் விடவும் மாட்டார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இவர் வாயாலேயே திரும்பிப் போயிருக்கிறது. முதலில் வந்தவர்களிடம் தன் பஸ் ஒருமுறை ரயிலை முந்திக்கொண்டு தண்டவாளத்தில் போனதாகச் சொன்னார். அடுத்து வந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று வெண்ணிலா யாரிடமும் சொல்வதில்லை. இதுவும் போய்விட்டால் அந்தப் பெண் இனிமேல் யார் முன்னாலும் காபித் தட்டோடு நிற்க மாட்டாள். அதை என் மனைவியிடம் சொல்லிவிட்டே போயிருந்தாள்.

"நல்ல மனுஷன்தாங்க" என்று ஆரம்பித்தேன். "கொஞ்சம் பேசுவாரு..."

அதற்குள் தெருமுனையில் அந்தக் குரலே கேட்டது. "ஆசாரியாரே! ஆசாரியாரே!"

கலியபெருமாள் என் பக்கம் சாய்ந்து, "நான் யாருன்னு சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, ஸ்டூல் வாங்க வந்தவராகவே ஆகிவிட்டார்.

வில்வநாதன் உள்ளே வந்தார். ரிட்டயராகி நான்கு வருஷம் ஆகியும் சட்டைப் பையில் விசில் இருக்கும். நிழலில் இரண்டு மரக்குதிரைகள் மேல் சாக்குப் போர்த்தி ஒரு பலகையைக் காயப் போட்டிருந்தேன். நேராகப் போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, அதுல உட்காராதீங்க, ஈரம்" என்றேன்.

"ஈரம் எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல ஆசாரி. விஷயத்தைக் கேளு. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பாத்ரூம் கதவு வேணும். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. இப்ப அங்க பழைய புடவைதான் தொங்குது. உள்ள போறவங்க வெளிய வர்ற வரைக்கும் பாடிக்கிட்டே இருக்கணும். வர்ற சம்பந்திக்குப் பாட்டு வருமோ வராதோ?"

கலியபெருமாள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எனக்குத்தான் வியர்த்தது. அந்தப் பதற்றத்தில் கேட்கக் கூடாத கேள்வியை வாய் கேட்டுவிட்டது.

"நான் செஞ்சு கொடுத்த வேப்ப மரக் கதவு என்னண்ணே ஆச்சு?"

வில்வநாதன் வசதியாகக் காலை மடித்துப்போட்டுக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

"அது இப்ப அந்தமான்ல இருக்கு" என்றார்.

பாஷாவின் உப்புத்தாள் நின்றது.

"போன ஞாயித்துக்கிழமை. காலைல குளிச்சிட்டு வெளிய வர்றேன். கதவைப் பாக்கறேன். கதவு என்னையப் பாக்குது. பதினெட்டு வருஷமா தண்ணிக்குப் பக்கத்துலயே நின்னு, தண்ணிக்குள்ள இறங்காத ஒரு மரம். அதுக்கும் ஆசை இருக்குமா இருக்காதா? கழட்டினேன். நாலு பக்கமும் ஆப்பிள் பெட்டிப் பலகையை வெச்சு அடிச்சேன். தார் பூசினேன். காபி ஆறறதுக்குள்ள படகு ரெடி."

"என் சுத்தியல் ரெண்டு நாளா உங்க வீட்லதான் இருந்துச்சு" என்றேன். "டிரில்லிங் மிஷினும்."

"காபி அவ்வளவு சூடு. துடுப்புக்கு என்ன பண்றது? நம்ம பிரியாணி மாஸ்டர் அண்டா கிண்டற துடுப்பு ரெண்டு இரவல் வாங்கினேன். மசாலா ஊறின மரம். அதைத் தண்ணில விட்டதும் ஏரி முழுக்க மீன் வாசனை போயி பிரியாணி வாசனை வந்துடுச்சு. கொக்கெல்லாம் இலை போடற இடத்தைத் தேடுது."

"கொக்கு?" என்றார் பாஷா.

"வரிசையா உட்கார்ந்துடுச்சு பாஷா. நீ பாக்கலேன்னா நான் என்ன பண்றது? சரி, படகை விடறதுக்கு முன்னாடி முறையா பூஜை போட்டேன். சந்தனம், குங்குமம். வண்டின்னா சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்கலாம். படகுக்குச் சக்கரம் ஏது? அதனால திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் கோத்துக் கட்டிடலாம்னு ஓட்டை போட்டேன்."

வில்வநாதன் வந்ததிலிருந்து பேசாத கலியபெருமாள் முதல்முறையாக வாயைத் திறந்தார். "ஓட்டையை எங்க போட்டீங்க?"

"அடியில. நட்டநடுவுல."



"படகுக்கு அடியிலயா?" என்றார் பாஷா.

"பின்ன? மேல கட்டறவன் முட்டாள். கரையில நிக்கிற நாப்பது பேரு கண்ணுதான் கண்ணா? தண்ணிக்குள்ள எத்தனை ஆயிரம் மீன் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கு! அதுங்களுக்கு இமையே கிடையாது. ஒரு தடவை பாக்க ஆரம்பிச்சா பாத்துக்கிட்டே இருக்கும். அந்தக் கண்ணு பட்டா பாறையே வெடிக்கும். அதான் அடியில தொங்க விட்டேன்."

"தண்ணி உள்ள வராதா அண்ணே?"

"கயிறு முடிச்சு இருக்கு இல்ல? அடைச்சுக்கும்." அதைப் பற்றி மேலே பேசப் பிடிக்காத மாதிரி கையை வீசினார். "விடு. ஏறி உட்கார்ந்தேன். விசில் அடிச்சேன். ரைட்! ஒரே ஒரு துடுப்புதான் போட்டேன். அடுத்த துடுப்பு போடறதுக்குள்ள எதிர்க்கரை வந்துடுச்சு. என் பின்னாடி எழும்பின அலை மதகைத் தாண்டிப் பாய்ஞ்சு, கீழ காய்ஞ்சு கிடந்த நூறு ஏக்கர் நாத்தும் பச்சை பிடிச்சிடுச்சு. அன்னைக்கு யாரும் மோட்டார் போடல. கேட்டுப் பாரு."

நான் வேண்டுமென்றே ஒரு சட்டத்தைக் கீழே போட்டேன். பெரிய சத்தம். அவர் நிறுத்தவில்லை. இருமினேன். "தொண்டைக்கு மிளகு சாப்பிடு" என்றார். கண்ணைக் காட்டினேன். "தூசு விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு மேலே போனார். டீ சொல்லட்டுமா என்றேன். நான்கு சொல்லச் சொன்னார்.

"அப்புறம்?" என்றார் கலியபெருமாள்.

இந்த மனிதர் ஏன் தூண்டிவிடுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்க ஆள் இருந்தால் வில்வநாதனுக்குச் சோறு வேண்டாம்.

"நீங்க வெளியூரா சார்? உங்களைப் பாத்தா விவரம் தெரிஞ்சவரா இருக்கு. கேளுங்க. படகு போன வேகத்துல மதகை ஒரு தாண்டு தாண்டி ஆத்துல விழுந்துடுச்சு."

"ஆத்துல ஏதுண்ணே தண்ணி?" பாஷா விடவில்லை. "அது காய்ஞ்சு மூணு வருஷம் ஆகுதே. மணல்தானே கிடக்கு?"

"மணலும் ஏது? எல்லாத்தையும் லாரில அள்ளிட்டுப் போயிட்டானுங்களே. இங்கேருந்து கடல் வரைக்கும் ஒரே பள்ளம். அந்தச் சரிவுல வழுக்கிக்கிட்டே போச்சு படகு. தண்ணி இருந்திருந்தா இவ்வளவு வேகம் வந்திருக்காது. அள்ளினவங்களுக்கு நான் மனசார நன்றி சொன்னேன். வழியில முப்பது லாரி வரிசையா நிக்குது. ஒரு விசில்தான். அத்தனையும் ஓரம் கட்டிடுச்சு. உள்ள இருந்த டிரைவருங்க நான் ஏதோ ரெய்டுக்கு வர்ற பெரிய ஆபீசர்னு நினைச்சு, அள்ளின மணலைத் திரும்ப ஆத்துலயே கொட்டிட்டாங்க."

இந்த ஒரு இடத்தில் மட்டும் பாஷா, "அது நடந்திருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

"நடந்துச்சுன்னு சொல்றேன்! கடல் வந்துடுச்சு. இப்பதான் சார் சிக்கல். படகைப் பாத்ததும் மீனெல்லாம் ஏற ஆரம்பிச்சிடுச்சு. சும்மா விட முடியுமா? முப்பத்திரெண்டு வருஷ சர்வீசு. 'உள்ள நகரு, உள்ள நகரு, கம்பியைப் பிடி'ன்னு சத்தம் போட்டேன். மத்தி எல்லாம் மரியாதையா உள்ள தள்ளி நின்னுச்சு. இந்த வஞ்சிரம் இருக்கு பாருங்க, எப்பவுமே கொஞ்சம் திமிரு, படிக்கட்டுலயேதான் நிப்பேன்னுச்சு. ரெண்டு டால்பின் புட்போர்டுல தொங்கிக்கிட்டு வருது. காலேஜ் பசங்க மாதிரி. இறக்கி விட்டேன். ஒரு திமிங்கலம் ஏறணும்னு வந்து நிக்குது. 'ஐயா, இது சின்ன வண்டி, நீங்க அடுத்ததுல வாங்க'ன்னேன். அது பெரிய மனுஷன். 'நீ ஏறு என் மேல'ன்னு முதுகைக் காட்டிச்சு."

"திமிங்கலம் தமிழ்ல பேசிச்சா?"

"முதுகைக் காட்டறதுக்குப் பாஷை எதுக்கு பாஷா? படகோட அது முதுகுல ஏறிப் போறேன். எதிர்க்க வானம் கறுத்துக்கிட்டு வருது. புயல்! சாதாரணப் புயல் இல்ல, பேர் வெச்ச புயல். நம்ம ஊரைப் பாத்துத்தான் வருது. நான் எழுந்து நின்னேன். படகுல இருந்த தாழ்ப்பாளை டங்குன்னு ஒரு தட்டு. விசில் ஒண்ணு. கையைக் குறுக்க நீட்டி, 'இங்க ஸ்டாப்பிங் கிடையாது, வடக்க போ'ன்னு ஒரு அதட்டல். ரேடியோல சொன்னாங்களே, புயல் திசை மாறிடுச்சுன்னு. ஏன் மாறிச்சுன்னு சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. ஒரு கண்டக்டர் பேர் வெளிய வந்துடக் கூடாது, அவ்வளவுதான்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் நிஜமாகவே ஒரு வருத்தம் இருந்தது. முப்பத்திரெண்டு வருஷம் சில்லறைக்குத் திட்டு வாங்கின மனிதர். அவர் கை நீட்டி ஒரு ஆட்டோகூட நின்றதில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கவலை எல்லாம் வெண்ணிலாவைப் பற்றித்தான்.

"அந்தமான்ல இறங்கினதும் ஒரே கூட்டம். மாலை, மேளம். அங்க இருக்கற அதிகாரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. 'இந்தக் கதவை மியூசியத்துல வைக்கணும், கொடுத்துடுங்க'ன்னு கெஞ்சினாரு. நான் கொடுக்கறதா இல்ல. அங்க ஒரு குழந்தை அதைத் தடவிப் பாத்து அழுதுச்சு. மனசு கேக்கல, விட்டுட்டேன். அதனாலதான் ஆசாரி, இப்ப உன்கிட்ட வந்து நிக்கறேன். நாட்டுக்குக் கொடுத்த கதவுக்குப் பதிலா ஒரு கதவு. முடியாதுன்னு சொல்வியா?"

"திரும்பி எப்படி வந்தீங்க?" என்றார் கலியபெருமாள்.

"எப்படின்னா? வந்துட்டேன் சார். மதியச் சாப்பாட்டுக்கு. சாம்பார்ல ஆவி அடங்கல."

"வீட்ல பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"அது பாவம் சார். தண்ணின்னாலே பயம். ஏரிப் பக்கமே எட்டிப் பாக்காது. நான்தான் தைரியம் சொல்லிச் சொல்லி வளர்த்துக்கிட்டு இருக்கேன்."

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. வெண்ணிலா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அண்ணே, கதவு காய்ஞ்சிடுச்சா? இன்னிக்கே மாட்டியாகணும்..." அப்போதுதான் அப்பாவைப் பார்த்தாள். அவர் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்த முகங்களையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கலியபெருமாள் மிக மரியாதையாகக் கேட்டார். "ஏம்மா, அப்பா போன ஞாயித்துக்கிழமை கதவுல அந்தமான் போயிட்டு வந்தாராமே?"

நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஆமாம் என்றால் மகளும் புளுகி. இல்லை என்றால் ஊரார் முன்னால் அப்பனைப் புளுகன் என்று சொன்னவள்.

"போனாரு சார்" என்றாள் வெண்ணிலா. "படித்துறையிலேருந்து எட்டடி. அதுக்கு மேல அந்தத் திருஷ்டி ஓட்டை விடல. எலுமிச்சம்பழம் அறுந்துக்கிட்டுப் போச்சு, தண்ணி மேல வந்துச்சு. இடுப்பளவு தண்ணிதான். ஆனா எழுந்து நிக்கணும்னு அவருக்குத் தோணல. கடைசி வரைக்கும் உட்கார்ந்தபடியே விசில் அடிச்சுக்கிட்டு மூழ்கினாரு. நான் இறங்கித் தூக்கிட்டு வந்தேன். கதவை எடுக்கத்தான் அஞ்சு நாள் ஆச்சு. தினம் வேலை விட்டு வந்து சேத்துல காலால தடவிப் பாத்து, நேத்துதான் அகப்பட்டுச்சு."

பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "எழுந்திருப்பா. அது மேலதான் உட்கார்ந்திருக்கே."

வில்வநாதன் எழுந்தார். நான் சாக்கை உருவினேன். வேப்ப மரக் கதவு, ஓரமெல்லாம் தார், நட்டநடுவில் ஒரு ஓட்டை. ஓட்டையில் கயிறு இன்னும் இருந்தது. ஒரே ஒரு மிளகாயும் இருந்தது.

பாஷா உப்புத்தாளால் வாயைப் பொத்திக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சுருண்டிருப்பார்கள். வில்வநாதன் கதவைச் சுற்றி ஒரு நடை நடந்து, தட்டிப் பார்த்தார்.

"பாத்தியா ஆசாரி! நான்தான் சொன்னேன், பொண்ணு பாக்க வர்றாங்க, கதவைக் கொஞ்சம் திருப்பி அனுப்புங்கன்னு. எனக்கு முன்னாடி வந்து சேந்திருக்கு. அந்தமான்காரன் அந்தமான்காரன்தான்!"

"நாளைக்கு வர்றதா இருந்த ஆள் நான்தாங்க" என்றார் கலியபெருமாள். "பையனோட அப்பா."

வில்வநாதன் வாய் திறந்தபடி நின்றது. இருபது வருஷமாக எனக்கு அவரைத் தெரியும். வாய் திறந்திருந்து சத்தம் வராமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மகளைப் பார்த்தார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சம்பந்தமும் தன் வாயாலேயே போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சட்டைப் பையில் இருந்த விசிலைக் கையால் மூடிக்கொண்டார், அது ஏதாவது சொல்லிவிடும் என்பது போல.

"சார்" என்றார். "எட்டடிகூட இல்ல சார். ஆறுதான். என் பொண்ணு எனக்காக ரெண்டடி கூடச் சொல்லுது."

கலியபெருமாள் கதவு அருகில் போனார். விரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். "ஆறடின்னா நம்பறேன்" என்றார்.

பிறகு வெண்ணிலாவைப் பார்த்து, "எங்களுக்குச் சம்மதம்மா. நாளைக்கு எல்லாரும் வர்றோம். கதவு இல்லேன்னாலும் வர்றோம், எனக்குப் பாடத் தெரியும்" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் வெண்ணிலா தலை குனியவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள். "உங்க தெருவுக்கு யார் சார் ஆசாரி?"

"எதுக்கும்மா?"

"நானும் ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லணும்."

கலியபெருமாள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார். முந்திரித் தோப்பே குலுங்குகிற மாதிரிச் சிரிப்பு. இவ்வளவு நேரம் அதை எங்கே அடக்கி வைத்திருந்தாரோ. "மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ல, கோவிந்தசாமி பட்டறை. எதையும் மறைக்க மாட்டான். என்னைப் பத்தியும் கேட்டுக்கோ" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். வில்வநாதன் இன்னும் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா" என்றார். "பஸ்ல."